பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கே தெரியும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று வந்த அழைப்புகளில் பாதி மூடியைப் பற்றித்தான். புதிய பாட்டில்களின் மூடி யாருக்கும் திறக்க வரவில்லை. "அழுத்திக்கொண்டே இடது பக்கம் திருப்புங்கள்" என்று சொல்லிச் சொல்லித் தாடை வலிக்கிறது. ஒருவர், "அழுத்துறேன், திருப்புறேன், மூடி அசையல, நான்தான்ம்மா திரும்புறேன்" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். தரை துடைக்கும் மருந்து தயாரிக்கும் கம்பெனியில், வாடிக்கையாளர் தொலைபேசிப் பிரிவில், ஒன்பது வருஷம். நல்ல நாள் என்றால் அது இப்படித்தான் இருக்கும்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "வணக்கம், சொல்லுங்க, உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று எடுத்துத் தொலைத்தேன். மகள் சோபாவில் உருண்டு சிரித்தாள். "ஒருநாள் அப்பாவையே லைன்ல காத்திருக்கச் சொல்லப்போற பாரு" என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "இப்பவே அப்படித்தான்" என்றார்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் கூட்டம். எங்கள் பிரிவின் மேலாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். எதற்கெடுத்தாலும் "டீம், டீம்" என்பதால் நாங்கள் வைத்த பெயர் கேப்டன். இன்று முகத்தில் கல்யாணக் களை.

நாளைக்குக் கடைவீதியில் ஒரு விளம்பரமாம். தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஆட்கள் இறங்குவார்கள். கையில் ஏதோ கருவி. தெருவின் இரண்டு பக்கமும் மஞ்சள் நாடா கட்டுவார்கள். நாடாவில் இருப்பது ஒரே வரி: 'ஒன்று பரவிக்கொண்டிருக்கிறது.' அதன் கீழே எங்கள் தொலைபேசி எண். கம்பெனி பெயர் எங்கேயும் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு உயரமான கட்டடத்திலிருந்து ஒரு பெரிய துணி அவிழும். 'சுத்தம் பரவுகிறது' என்று அதில் எழுதியிருக்கும்; புது பாட்டிலின் படமும் இருக்கும்.

"யார் போன் பண்ணினாலும் ஒரே பதில்தான் டீம். 'பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கே தெரியும்.' வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது."

என் பக்கத்து இருக்கைக்காரி வாயை மூடினால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதனால் அவள் ரேடியோ. அவள்தான் கேட்டாள். "சார், யாராச்சும் பயந்துட்டா?"

"பயப்படட்டுமே. இப்ப பயந்தாத்தானே பன்னண்டு மணிக்குச் சிரிப்பாங்க? முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் அது என்ன விளம்பரம்?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று முடியாது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

காலையில் முதல் சில அழைப்புகள் வேடிக்கையாகத்தான் இருந்தன. "என்ன பரவுது? கடனா?" என்று ஒருவர். பிறகு குரல்கள் மாறத் தொடங்கின. ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். ஒரு பெண், தன் கணவர் அந்தத் தெருவில்தான் கடை வைத்திருக்கிறார், போனை எடுக்கவில்லை என்றாள். ஒரு பையன், "இது வாயுவா, வியாதியா, அத மட்டும் சொல்லுங்க" என்றான். எல்லோருக்கும் நான் ஒன்றைத்தான் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அப்புறம் அந்தப் பெண். கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றிலும் ஈரத்துணி அடைத்துவிட்டாளாம். "உள்ள புழுங்குது. குழந்தைக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஒரு ஜன்னல மட்டும் திறக்கட்டுமா? நீங்க திறன்னு சொன்னாத் திறக்கறேன்."

திறம்மா. அவ்வளவுதானே. ஒரு சொல். அத சொல்ல என்னடி உனக்கு?

நான் சொன்னது: பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கே தெரியும்.

லைன் அறுந்தது. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு கேப்டனிடம் போனேன். "சார், ஜனங்க அழறாங்க. சொல்லிடலாமா?" அவர் தன் கைபேசியில் வந்துகொண்டிருந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பளபளத்தது. "இன்னும் கொஞ்ச நேரம்தானே, பொறுங்க. ஊரே இதத்தான் பேசுது." திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி சொன்னேன்.

துணி அவிழ்ந்தபோது கீழே சிரிக்க யாரும் இல்லை. தெரு காலி. செருப்புகள்தான் கிடந்தன. பேருந்து நிலையத்தில் நெரிசல், பலருக்குக் கை கால் முறிவு. பள்ளி வேன் ஒன்று பின்பக்கமாக வந்து ஸ்கூட்டரில் இருந்த ஓர் அம்மா மேல் மோதியதாம். வேனில் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு?

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டில் சண்டை என்று சொல்ல முடியாது. என் கணவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவர். எதையும் பதற்றமில்லாமல் சொல்வார், அதுதான் எனக்கு எரிகிறது.

"வியாழக்கிழமை எங்ககிட்ட வரிசை தெருமுனை வரைக்கும் நின்னுது. எனக்கு வந்திருக்கா பாருங்கன்னு. எது வந்திருக்கான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல." பிறகு, "ஜனங்களும் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்" என்றார்.

"யோசிச்சுத்தான் எங்களுக்கு போன் பண்ணினாங்க."



மகளின் வகுப்பில் அது இப்போது பெரிய நகைச்சுவையாம். கணக்குத் தேர்வில் எத்தனை மார்க் என்று கேட்டால், "பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கே தெரியும்" என்கிறார்களாம், மூக்கால் பேசி. "நீயும் அத சொன்னியாம்மா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்லல, எங்கம்மா அங்கதான் வேலை பாக்குறாங்கன்னு." அதைச் சொல்லிவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். ஒருநாளும் கழுவாதவள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

புதிய பதில் வந்திருக்கிறது. 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' முறிந்த எலும்புக்கும் இதுதான், மூடி திறக்காததற்கும் இதுதான்.

மதியம் ஓர் அழைப்பு. நிதானமான ஆண்குரல். "நான்தாம்மா அந்த வேன் டிரைவர்."

வருந்துகிறோம் என்றேன்.

"வருத்தம் இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நான் மிரண்டது தப்பா, இல்லையா? என்மேல கேஸ் போட்டிருக்காங்க, லைசென்ஸ வாங்கி வெச்சுட்டாங்க. கண்மூடித்தனமா ஓட்டுனேன்னு எழுதியிருக்காங்க. கண்ணைத் திறந்து வெச்சிருந்ததாலதானே பின்னால எடுத்தேன்? முன்னாடி வெள்ளைச் சட்டைக்காரனுங்க, 'பரவுது'ன்னு எழுதியிருக்கு, வண்டி நிறையப் பிள்ளைங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இதற்கு என்னிடம் எழுதிக் கொடுத்த பதில் இல்லை. மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன் என்றேன். "உங்க கம்பெனி ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். 'அத பாத்தா யாருமே பயந்துதான் போவாங்க'ன்னு. அவ்வளவுதான்" என்றார்.

கேப்டனிடம் சொன்னேன். "அத சொன்னா நாமளே மாட்டிக்கிட்ட மாதிரி மேடம்" என்றார்.

புரிந்தது. கம்பெனி செய்தது தப்பில்லை என்றால் டிரைவர் செய்தது தப்பு. இரண்டில் ஒன்றுதான்.

பிப்ரவரி 18, புதன்

குழந்தைகளுக்கு ஏதாவது ஆனதா என்று பேப்பரில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இல்லை. இல்லை என்றால் இல்லையா, எழுதவில்லை என்றால் இல்லையா?

பிப்ரவரி 23, திங்கள்

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. நகர நிர்வாகம் விசாரணை வைக்கப்போகிறது என்றதும் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததாம். வீட்டில் இவர் சத்தமாகப் படித்தார், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். 'பொதுமக்களில் எவரேனும் அச்சத்துடன் தொடர்புகொண்டால் உடனடியாக உண்மையைத் தெரிவிக்குமாறு எங்கள் தொலைபேசிப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவர்கள் அதைப் பின்பற்றத் தவறியது வருத்தத்துக்குரியது.'

கையில் இருந்தது போர்வை. மடித்ததையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபீசில் கேப்டன் ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். என் முறை வந்தபோது கதவை மெதுவாகச் சாத்தினார்.

"கூட்டத்துல நான் சொன்னேன்ல மேடம், யாராச்சும் ரொம்ப பயந்தா உண்மைய சொல்லிடுங்கன்னு?"

"சொல்லலையே சார்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டேன். ரேடியோ கேட்டா. நீங்க பயப்படட்டுமேன்னீங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "மேல இருக்கிறவங்க என் கழுத்துல கத்தி வெச்சிருக்காங்க. விசாரணையில எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டா உங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது. மறந்துட்டோம்னு சொல்லுங்க. மறதிக்கு யாரும் தூக்குல போட மாட்டாங்க."

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று உண்மையாகவே சண்டை.

"அந்தாளு சொன்ன மாதிரி மறந்துட்டேன்னு சொல்லிட்டு வா" என்றார் இவர். "கம்பெனிய தண்டிக்கணும் தண்டிக்கணும்ங்கறே. கம்பெனிக்கு முதுகு இருக்கா அடிக்க? அபராதம் போட்டா என்ன பண்ணுவாங்க? பாட்டில் விலைய ஏத்துவாங்க, இல்ல உங்கள்ல நாலு பேர வீட்டுக்கு அனுப்புவாங்க. அடி கடைசியில எங்க விழும்னு பாரு."

"அப்போ யாரையும் ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"அப்படிச் சொல்லல. ஒன்ன முன்னாடி நிறுத்தாதேன்னு சொல்றேன்."

"நான் ஏற்கெனவே முன்னாடிதாங்க நிக்கறேன். அந்த அறிக்கையில இருக்கறது யாரு? நான்தான்."

அவர் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார். எனக்கும் அவர் சொன்னதில் பாதி சரி என்றுதான் பட்டது. அதனால்தான் கத்தினேன் போலிருக்கிறது. யாரைத் தண்டிப்பது? யோசனை சொன்னவரையா, கையெழுத்துப் போட்டவரையா, வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்ட தினக்கூலி ஆட்களையா, போனில் பேசிய என்னையா? பத்துப் பேர் சேர்ந்து ஒரு கல்லைத் தூக்கிப் போட்டால் யார் கை என்று கேட்கக்கூடாதா? கேட்கத்தானே வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. தலை வலிக்கிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கூட்டரில் அடிபட்ட அம்மா எலும்பு முறிவுப் பிரிவில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. பூத்தையல் வகுப்பு நடத்துகிறவராம். இடுப்புக்குக் கீழே கட்டு, கையில் ஊசியும் வளையத்தில் மாட்டிய துணியும். படுத்தபடியே தைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு நீ? வக்கீலா?"

இல்லை என்றேன். கம்பெனியில் வேலை செய்கிறேன், போனில் பேசுகிறவள் என்று சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"ஓ. பன்னண்டு மணியா?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"எல்லாரும் வந்து கம்பெனிமேல கேஸ் போடுங்கறாங்க. கம்பெனியா வந்து என்மேல ஏறுச்சு? வேன்தானே ஏறுச்சு. அந்தாளு பின்னாடி பாத்திருக்க வேணாமா? கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கான், தலை வாரவா?"

"அவர் பயந்துட்டாரும்மா."

"நானும்தான் பயந்தேன். நான் யார்மேலயாச்சும் ஏறினேனா?" தையல் வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, குரல் இறங்கியது. "ஆனா ஓடிப்போகல. எறங்கி வந்தான். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுறாங்க, இவன் மட்டும் ரோட்டுல என் தலையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். விஷக்காத்து வருது, நீ போய்யா, பிள்ளைங்கள ஓட்டிக்கிட்டுப் போன்னு சொல்றேன். 'கண்ணாடி எல்லாம் ஏத்திட்டேன், இருங்கம்மா'ங்கறான். ரெண்டு பேரும் செத்துப்போகப் போறோம்னு நெனச்சுக்கிட்டு அங்கயே இருந்தோம். மேல பாத்தா பாட்டில் படம் போட்ட துணி தொங்குது."

சிரித்தார். சிரிக்கும்போது இடுப்பு வலித்து, கண்ணை இறுக்கிக்கொண்டார்.

"வலியக்கூடப் பொறுத்துக்கலாம்டி. செத்துப்போறேன்னு நெனச்சு நான் என் மகன் பேரச் சொல்லி அழுதேன், தெரியாத ஒருத்தன் மடியில. அத வெச்சு கம்பெனிக்காரன் பாட்டில் விக்கிறான் பாரு, அதுதான்."

வெளியே வந்தபிறகும் பேருந்தில் ஏறத் தோன்றவில்லை. வீடுவரை நடந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

கைகழுவும் இடத்தில் ரேடியோவைப் பிடித்தேன். "நீதானே கேட்டே, யாராச்சும் பயந்துட்டான்னு."

அவள் குழாயைத் திறந்தபடியே வைத்திருந்தாள். "எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"ஒனக்கா? போன வருஷம் நான் என்ன கலர் செருப்பு போட்டேன்னு சொல்றவ நீ."

"அம்மாவுக்கு வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ்க்கா. கம்பெனி இன்சூரன்ஸ்லதான் ஓடுது. உங்களுக்குத் தெரியாததா?" கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஞாபகம் இல்ல. அவ்வளவுதான்."

அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழி விடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

விசாரணை நகர நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடியில். மின்விசிறி கடகடவென்று ஓடியதால் யார் பேசினாலும் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண்; மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு எங்கே வைத்தேன் என்று தேடுகிறவர்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். எல்லோரும் ஒரே வாக்கியம்: உண்மையைச் சொல்லச் சொன்னார்கள், பதற்றத்தில் மறந்துவிட்டோம். ரேடியோவும் அதையே சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு அவள் வாய் மூடியதை முதல்முறையாகப் பார்த்தேன்.

என் முறை. கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கேப்டன் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். குழந்தை வைத்திருந்த பெண்ணைப் பற்றியும் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர். "அந்தப் பெண் பயந்துபோயிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தது. ஜன்னலைத் திறங்கள் என்று நீங்களே சொல்லியிருக்கலாம். உங்கள் வாயை யாரும் கட்டவில்லையே?"

"சொல்லியிருக்கலாம். சொல்லல."

"அப்படியானால் தவறு உங்களுடையது."

"என் பங்கு என்னுதுதாங்க. அத நான் வெச்சுக்கறேன்" என்றேன். "மிச்சம் யாருது?"

வக்கீல் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருத்தி ஒன்று சொல்ல, நாலு பேர் வேறொன்று சொல்ல, யார் என்னை நம்புவார்கள்? படி இறங்கி வந்தேன். கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், இவர் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகவில்லையாம். எப்போதிலிருந்து நிற்கிறீர்கள் என்றேன். "இப்பதான்" என்றார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

மார்ச் 9, திங்கள்

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். கணினியையும்தான். பழுது பார்க்கிறார்களாம். காலையில் போய் வெறும் மேசை முன்னால் உட்கார்ந்தேன். மாலையில் எழுந்து வந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மேசையின் மரத்தில் உள்ள கோடுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மார்ச் 16, திங்கள்

யாரும் என்னுடன் பேசுவதில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. அம்மை போட்ட வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரி தாண்டிப் போகிறார்கள். 'ஒன்று பரவிக்கொண்டிருக்கிறது' என்ற நாடாவை என் மேசையைச் சுற்றிக் கட்டிவிட்டார்களோ என்று தோன்றியது. தனியாகச் சிரித்தேன். பைத்தியம் பிடிக்க இவ்வளவு போதும் போலிருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

டிரைவர் மறுபடி அழைத்திருக்கிறார். எனக்குப் போன் இல்லை, ரேடியோவுக்கு விழுந்தது. பக்கத்து இருக்கை என்பதால் அவள் பேசியது காதில் விழுந்தது. முதலில், வருந்துகிறோம். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள், மிக மெதுவாக, "தப்பில்லங்க. யாரா இருந்தாலும் பயந்துதான் இருப்பாங்க. எனக்கே முதல்ல கேட்டப்ப பயமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

எல்லா அழைப்புகளும் பதிவாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அவளைப் பார்க்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ரேடியோ வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் உட்கார்ந்தாள். காபி ஆறிப்போகிறவரை பேசவில்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்கதான் ரேடியோ ஆன்ட்டியா? நிஜமாவா?" என்று என் காதில் கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில், "அம்மாகிட்ட சொன்னேன்க்கா" என்றாள். "நீ வாய மூடிக்கிட்டு இருந்தாத்தான் எனக்கு உசுருன்னா, அந்த உசுரு எனக்கு எதுக்குடிங்கறாங்க. ரெண்டு நாளா என்கூடப் பேசல. நோயாளி, அவங்க கோவிச்சுக்கிட்டா வீட்டுல இருக்க முடியல."

"இன்சூரன்ஸ்?"

"அரசாங்க ஆஸ்பத்திரியில வரிசையில பேர் பதிஞ்சிருக்கேன். பாப்போம்." புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "ஏற்கெனவே சொன்னத மாத்திச் சொன்னா அந்த மேடம் திட்டுவாங்களாக்கா?" என்றாள்.

திட்டட்டுமே, நானும் கூட வருகிறேன் என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

போனோம். அதிகாரி திட்டவில்லை. ரேடியோ தொடங்கினால் நிறுத்தமாட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. கூட்டத்தில் கேப்டன் எந்தக் கையை எப்படி ஆட்டினார் என்பதுவரை சொன்னாள். அதைக் கேள்விப்பட்டு, முன்பு மறந்துவிட்ட மற்ற மூவருக்கும் சாயங்காலத்துக்குள் ஞாபகம் வந்துவிட்டதாகப் பேச்சு.

ஏப்ரல் 10, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. கம்பெனி தெரிந்தேதான் பயத்தை உண்டாக்கியது. பயந்து கேட்டவர்களுக்கும் உண்மையை மறைக்கச் சொன்னது. அபராதம். அடிபட்டவர்களின் முழு மருத்துவச் செலவும் கம்பெனியுடையது. ஒப்புதல் கொடுத்த மேலதிகாரிகள் மேல் அவரவர் பெயரிலேயே வழக்கு. பெயரிலேயே என்ற இடத்தை இவர் இரண்டு முறை படித்தார். "முதுகு கண்டுபிடிச்சுட்டாங்க போலிருக்கு" என்றார்.

பின்பகுதியில் ஒரு வரி: 'அந்தச் சூழ்நிலையில் வேன் ஓட்டுநருக்கு ஏற்பட்ட அச்சம் நியாயமானதே.' ஒரே ஒரு வரி போதும் என்றாரே, அந்த வரி. கம்பெனி சொல்லவில்லை, அதிகாரி சொன்னார். டிரைவர் மேல் உள்ள வழக்கைக் கைவிடப் பரிந்துரையாம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. 'பணியாளர்கள் தம் மனசாட்சிப்படி நடந்திருக்கலாம்; எனினும்.' அந்த எனினும் என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தாலும் எனக்கு முன்பாதிதான் நிற்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

பேப்பரில் முழுப்பக்கம் கம்பெனியின் மன்னிப்பு. நடுவில் பெரிய எழுத்தில் 'மன்னியுங்கள்.' ஓரங்களில் நீல நுரைக்குமிழிகள். அழகாகத்தான் இருந்தது. கடைக்காரர் சொல்கிறார், அந்த பாட்டில் முன்னைவிட நன்றாக விற்கிறதாம். ஊருக்கே பெயர் தெரிந்துவிட்டதே.

இதை என்ன செய்வது? உட்கார முடியவில்லை. வீட்டைக் கூட்டினேன். கூட்டிய வீட்டை மறுபடி கூட்டினேன்.

ஏப்ரல் 30, வியாழன்

ராஜினாமா கொடுத்துவிட்டேன். என் வெறும் மேசைக்குப் பக்கத்தில் ரேடியோவின் மேசையும் வெறுமையாகத் தொடங்கியிருந்தது. கேப்டன் அதற்கு முன்பே போய்விட்டார். மேலே இருந்தவர்கள் முதலில் அவரைத்தான் கழற்றிவிட்டார்கள். போகும்போது என் மேசை அருகில் ஒரு கணம் நின்றார். அவர் கழுத்தில் கத்தி இருந்தது பொய்யில்லை.

ஜூன் 15, திங்கள்

பல் மருத்துவமனையில் வேலை. நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். வலிக்குமா என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு அதில் சற்று வருத்தம்.

ரேடியோவின் அம்மாவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது. விடியற்காலையில் போக வேண்டும், அலைச்சல்தான்.

இன்று மாலை மருத்துவமனை வாசலில் பேருந்துக்கு நின்றபோது ஒரு பள்ளி வேன் ஓரமாக வந்து நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுமையாக இருந்தது. பின் இருக்கை ஜன்னலிலிருந்து ஒரு கை என்னைக் கூப்பிட்டது. பூத்தையல் அம்மா. மடியில் ஊன்றுகோல்.

"ஸ்கூட்டர் இனிமே ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. வகுப்புக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரது இவன்தான். நான் கேக்கல. அவனா வந்து நிக்கிறான்."

டிரைவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டதாம். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்திருந்த முகம் இல்லை, ஒடிசலான மனிதர்.

"மன்னிச்சுட்டீங்களா அவர?" என்று கேட்டேன், அவர் காதில் விழாதபடி.

"மன்னிக்கிறதாவது. ஏறினதுலேர்ந்து எறங்குற வரைக்கும் திட்டுறேன். கேட்டுக்கிட்டே ஓட்டுறான்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பக்கம் போகணும் ஒனக்கு? ஏறு."

ஏறினேன். அந்த அம்மா வாக்களித்தபடி திட்டத் தொடங்கினார். மேட்டில் ஏன் இந்த வேகம், பள்ளத்தில் ஏன் இந்தக் குலுக்கல். டிரைவர், "சரிம்மா, சரிம்மா" என்று வந்தார். அபராதத்தை ஒரே நாளில் கட்டிவிட்டதாம் கம்பெனி. டிரைவருக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கியோ. வீடு வந்தது. நான் இறங்கி நின்று, வேன் திரும்புவதற்குப் பின்னால் வர வேண்டிய இடத்தில் தெருவில் யாரும் இல்லை என்று பார்த்து, "வரலாம், வரலாம்" என்று கையசைத்தேன்.